துப்பாதவள்

காகிதக் கப்பை நீட்டிக்கொண்டு நின்றேன். டீ குடிக்கிற சின்னக் கப். அதன் வயிற்றில் வெள்ளை ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் என் கையெழுத்தில் ஒரு பெயர். வரிசையில் முதலாவதாக நின்றவள் அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு வேணும் டிகிரி? ரொம்பிடணுமா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டிகிரி என்பது நான்தான். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து தட்டு மாட்டும் பெண்கள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"கொஞ்சம் போதும்க்கா."

மூன்று வருடம் வேதியியல் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கறுப்பு அங்கி போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டவள் பேசுகிற பேச்சு இது. அவள் முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டு, கன்னம் இரண்டையும் உள்ளே குழித்து, துப்பினாள். கப்பின் அடியில் நுரையாக ஒட்டிக்கொண்டது. நான் வாங்கி மேஜையில் வைத்தேன். கை உறை போட்டிருந்தும் அந்தக் கப்பின் சூடு விரலுக்குத் தெரிந்தது.

எச்சிலைப் பார்த்தால் என் வாயில் எச்சில் ஊறும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாந்திக்கு முன்னால் நாக்கின் அடியில் தண்ணீர் சுரக்குமே, அது. பள்ளிக்கூடத்தில் பாதி கடித்த கொய்யாவை யாராவது நீட்டினால் எழுந்து ஓடுவேன். அம்மா என்னை வைத்துச் சிரிப்பாள், "இவளுக்குக் காக்காக்கடி கடிச்சுக் குடுத்தாக்கூட ஆகாது" என்று. அப்படிப்பட்டவளைத்தான் எச்சில் வாங்க நிறுத்தியிருந்தார்கள்.

எங்கள் கம்பெனியில் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் தயாராகிறது. குழந்தைகளின் டயப்பருக்கு அடியில் ஈரம் வெளியே கசியாமல் பிடித்துக்கொள்ளும் அந்த வழுவழுப்பான தாள். அட்டைக்குழாயில் சுற்றி, ஆள் இடுப்பு உயரத்துக்கு ரோலாக வெளியே வரும். அதைத் தரையில் அப்படியே வைத்தால் ஓரம் நசுங்கும். ஓரம் நசுங்கினால் வாங்குகிறவனின் மெஷினில் ஓடும்போது கிழியும். அதனால் ரோலின் இரண்டு பக்கமும் வட்டமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். தட்டின் நடுவில் ஒரு கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி வரிவரியாகப் பற்கள். கழுத்தை அட்டைக்குழாயின் வாயில் நுழைத்து ரப்பர் சுத்தியால் சுற்றிச் சுற்றி அடித்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் ரோல் தரையைத் தொடாது, இரண்டு தட்டுகளின்மேல் தேர்ச்சக்கரம் மாதிரி நிற்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் தட்டுகளைக் கழற்றிக்கொண்டு, மூட்டை கட்டித் திருப்பி அனுப்புவார்கள். அதையே துடைத்து மறுபடியும் மாட்டுவோம்.

அந்த மூட்டைகளைப் பிரிக்கும்போது பார்க்க வேண்டும். கழுத்துக்குள் சிகரெட்டை நசுக்கி வைத்திருப்பார்கள். காய்ந்த டீ, கரப்பான் முட்டை, ஒருமுறை ஒரு செத்த எலிக்குஞ்சு. நம் பெண்கள் பழைய துணியால் வழித்துப் போட்டுவிட்டு மாட்டுவார்கள். அந்தச் சாம்பலுக்காக அங்கே யார் வாய்க்கு முன்னாலும் யாரும் கப் நீட்டவில்லை.

போன வருடம் பழைய தட்டுகள் உடைந்து தீர்ந்தபோது புதுத் தட்டுகள் வந்தன. கழுத்து ஒரு மயிரிழை கூடுதல் தடிமன். அளந்து பார்த்து மேனேஜரிடம் சொன்னவள் நான்தான். "ரெண்டு நாள்ல பழகிடும்மா" என்றார். தட்டு எப்படிப் பழகும்? பெண்கள்தான் பழகினார்கள். எண்ணெய் தொட்டால் ஃபிலிமில் கறை. தண்ணீர் தொட்டால் அட்டை ஊறி உப்பிவிடும். பவுடர் பறந்தால் மொத்த ரோலும் குப்பை. எச்சிலில் ஒரு கொழகொழப்பு இருக்கிறது, துளி போதும், உடனே காய்ந்தும் விடும். முகமூடியை இழுத்து, கட்டைவிரலை நக்கி, பற்களில் ஒரு சுற்று தடவுவார்கள். வேலை குவிந்து கிடந்தால் நேராகக் கழுத்திலேயே துப்புவார்கள். முகமூடி மேலே ஏறும். தட், தட், தட். தட்டு இறங்கிவிடும்.

இது எல்லோருக்கும் தெரியும். மேனேஜருக்குத் தெரியும். ரோல் குறித்த நேரத்தில் லாரியில் ஏறியவரைக்கும் யாருக்கும் அது அருவருப்பாகத் தெரியவில்லை.

போன வாரம் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி அறைக்குள் என் பக்கத்தில் நின்றுகொண்டு வெளியே பார்த்தவர், திடீரென்று பாம்பை மிதித்தவர் மாதிரிப் பின்வாங்கினார். "அவ துப்பறா! அங்க ஒருத்தி துப்பறா!" நீல அங்கி, நீலத் தொப்பி, எல்லோரும் ஒரே அச்சு. அவர் கண்ட முதுகு ஒன்றுதான் என்பதால், அந்தக் கூடத்தில் துப்புகிறவள் ஒருத்தி என்று முடிவு கட்டிவிட்டார். அந்த ஒருத்தி யாரென்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் இனிமேல் ஃபிலிம் வேறிடத்தில் வாங்கிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் என்னிடம் கேட்டார். "நீயும் கூடத்தானே நின்னே. யாருன்னு தெரியலையா?"

"முதுகுதான் சார் தெரிஞ்சது."

இடது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. நக்கிய கட்டைவிரலை இடுப்பில் துடைத்துக்கொள்கிற பழக்கம் உள்ள முதுகு. அந்த முதுகில்தான் நான் வளர்ந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அந்தாள் பாத்தது உன்னைத்தான்."

அவள் கை நிற்கவில்லை. "நான் மட்டுமா துப்பறேன்? அங்க இருக்கிற அத்தனை பேருக்கும் வாயில என்ன, பன்னீரா ஊறுது?"

"அந்த நேரத்துல துப்பினது நீ."

"நீ சொல்லிட்டியா?"

"இல்ல."

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். ஈரக் கையோடு என் கன்னத்தைத் தொட வந்து, எனக்குப் பிடிக்காது என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். "நல்ல புள்ள" என்றாள்.

பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன்.

கப் யோசனை மேனேஜருடையது. கப் நீட்டிய நாள் காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். கறைபட்ட தட்டு ஒன்று கையில் இருக்கிறதாம். எல்லோருடைய எச்சிலையும் லேபுக்கு அனுப்பினால் எது யாருடையது என்று தெரிந்துவிடுமாம். "அதுக்கு முன்னாடி யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா, கப்பு குடுக்கும்போது டிகிரி காதுல சொல்லிடுங்க. சொன்னவங்க பேரு வெளியே வராது."

அறைக்குள் வந்ததும் கேட்டேன். "எந்த லேப் சார்?"

அவர் சிரித்தார். தொப்பையின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, அன்பாகவே சிரித்தார். "என்னம்மா நீ, படிச்ச பொண்ணு. லேப்னு சொன்னாத்தானே பயம் வரும்? கப்பை எல்லாம் வரிசையா வெச்சு ஒரு ஃபோட்டோ எடு, அனுப்பிடலாம். அவங்களுக்கு ஒரு பேரு வேணும். ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் நீ சொல்லு." எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மா பேரு வராம நான் பாத்துக்கறேன். நாம எல்லாம் ஒரு குடும்பம் மாதிரிதானே."

அந்தக் குடும்பத்தின் சார்பில்தான் நான் கப்போடு நின்றேன்.

இரண்டாவதாக வந்தவள் வாயாடி. அவள் நிற்கிற இடத்தில் வேலையைவிடச் சிரிப்புதான் அதிகம் நடக்கும். கப்பைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். "ஏன் டிகிரி, எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பேப்பர் எங்க போகுது? புள்ளைங்க குண்டிக்குக் கீழ. மேல இருந்து மூத்திரம் வரலாம், பீ வரலாம், நம்ம எச்சில் பட்டா மட்டும் சாமி குத்தமா?"

வரிசையே குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு கணம், அந்தக் கூடத்தை எனக்குப் பிடித்திருந்தது. அவள் துப்பிவிட்டுக் கப்பைக் கொடுக்கும்போது, சிரித்த அதே வாயை என் காதருகே கொண்டுவந்தாள்.

"சுத்தியக்காவா இருக்கும்மா. எனக்கென்னவோ அப்படித்தான் தோணுது."

மூச்சு சூடாகக் கழுத்தில் பட்டது. அவள் போய்விட்டாள். அடுத்தவள் வந்தாள். துப்பினாள், குனிந்தாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாத கண்ணு. சுத்திதான்." அதற்கடுத்தவள் காதுக்குக்கூட வரவில்லை. கூடத்தின் கடைசியில் இருந்த மேஜைப்பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள்.

அங்கே சுத்தியக்கா ஒரு ரோலை அடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடும்போது வருகிறேன் என்று வேலையை விடாமல் நின்றுவிட்டவள். அவள் அடிக்கிற அடியால் வந்த பெயர் அது. மற்றவர்கள் ரப்பர் சுத்தியால் தட்டுவார்கள், அவள் ஓங்கி இறக்குவாள். ஏனென்றால் அந்தக் கூடத்தில் எச்சில் தொடாமல் தட்டு மாட்டுகிறவள் அவள் ஒருத்திதான். ஒழுக்கத்தால் அல்ல, அவளுக்கு எச்சிலே கிடையாது. கழுத்தில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததிலிருந்து எச்சில் சுரப்பி எல்லாம் கருகிவிட்டது. இடுப்பில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் தொங்கும். ஒரு வாய் குடிக்காமல் அவளால் இரண்டு வாக்கியம் பேச முடியாது. பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கும். இது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள், முறை போட்டுக்கொண்டு. அவளுக்கு இன்னும் செக்கப் முடியவில்லை. அதெல்லாம் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டையில்தான் நடக்கிறது. வேலை போனால் அட்டையும் போகும்.

ஆனால் அவளுக்கு அக்கா தங்கை என்று இந்தக் கம்பெனியில் யாரும் இல்லை. மற்ற எல்லோருக்கும் ஒரு நாத்தனாரோ, ஒரு சித்தியோ, பக்கத்து வீட்டுக்காரியோ பக்கத்து மேஜையில் இருந்தார்கள். யோசித்து வைத்துக்கொண்டு யாரும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி, அந்தப் பெயர் தானாக அவள்பக்கம் ஓடியது. ஒவ்வொரு கப் நிறைய நிறைய என் வாயிலும் நிறைந்தது. விழுங்கினேன். மறுபடி நிறைந்தது.

அம்மா வந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவள் பெயர் எழுதிய கப்பை நீட்டினேன். நாகரிகமாக, கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவள் மாதிரிக் கையைக் குவித்து மறைத்துத் துப்பினாள். கப்பைக் கொடுத்தாள். நகர்ந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். போ, அம்மா. பேசாமல் போய்விடு.

குனிந்தாள். அவள் வாயின் வாடை எனக்குத் தெரியும், தூக்கத்தில்கூடத் தெரியும்.

"எல்லாரும் அவளத்தான் சொல்றாங்களாம்" என்றாள். "நீயும் அதையே சொல்லிடு. தம்பி படிப்பு இருக்கு."

"அவங்களுக்கு எச்சிலே வராதும்மா."

"அது அந்தாளுக்குத் தெரியுமா?"

போய்விட்டாள். இறங்கிய தோளோடு தன் மேஜைக்குப் போய்ச் சுத்தியை எடுத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, அதுதான் மோசம். வந்தது அருவருப்பு. கரப்பானைப் பார்க்கிற மாதிரி, பெற்றவளைப் பார்த்தேன். பார்த்ததற்காக என்மேலும் அதே அருவருப்பு வந்தது. அவள் துப்பித் துப்பி மாட்டிய தட்டுகளில்தான் நான் படித்தேன், எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டு என்ன செய்வது? தெரிந்தால் குமட்டல் நின்றுவிடுமா?

கடைசியாகச் சுத்தியக்கா. வந்ததுமே பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

"வராது பாப்பா. உனக்குத் தெரியும்ல?"

"சும்மா முயற்சி பண்ணுங்கக்கா."

முயற்சி பண்ணினாள். கன்னத்தைக் குழித்தாள், நாக்கைச் சுழற்றினாள், தொண்டை நரம்பு புடைத்தது. கரண்ட் வைத்த இடத்துத் தோல் கறுப்பாக இழுத்துக்கொண்டு நின்றது. துணி கிழிகிற மாதிரி ஒரு வறட்டுச் சத்தம்தான் வந்தது. இன்னொரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். "இது தண்ணி. இது ஆகாதில்ல?" கொட்டிவிட்டு, அங்கி நுனியால் கப்பைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

போகாமல் நின்றாள். "அவளுங்க எல்லாம் உன் காதுல என்ன ஓதினாளுங்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"என் பேரா?"

நான் கப்புகளை வரிசைப்படுத்தினேன்.

"நாசமாப் போறவளுங்க" என்றாள். நாக்கு ஒட்டிப் பிரிந்தது. "தட்டு இறங்கலன்னா மட்டும் அக்கா ஒரு அடி போட்டுக் குடுன்னு வருவாளுங்க. உங்கம்மாவும் சொன்னாளா?"

என் வாய் நிறைந்திருந்தது. விழுங்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டதற்குப் பதில் கிடைத்தவள் மாதிரித் தலையாட்டினாள்.

"நீ என்ன சொல்லப் போற?"

நான் அவள் கப்பை வரிசையின் கடைசியில் வைத்தேன். அவள் பாட்டிலை இறுக மூடி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்கு மேல் கூடத்தில் வேலை தேங்கிவிட்டது. கப் நிகழ்ச்சி முடிந்த கையோடு யாருக்குத் துப்பத் தைரியம் வரும்? முகமூடிகள் மூக்குவரை ஏறியிருந்தன. காய்ந்த கழுத்து காய்ந்த குழாயில் இறங்க மறுத்தது. ஒருத்தி அடித்து, தட்டு சாய்ந்து சிக்கிக்கொண்டது. இன்னொருத்தியின் தட்டு தெறித்துத் தரையில் உருண்டது. ரோல்கள் வந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாயாடிதான் முதலில் தன் ரோலைக் கடைசி மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். என்ன சொன்னாள் என்று கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கேட்கவில்லை. சுத்தியக்கா அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஓங்கி அடித்தாள். தட்டு இறங்கியது. அடுத்த ரோல் போனது. அதற்கடுத்தது. காலையில் என்முன் நின்ற அதே வரிசை, அதே முகங்கள், இப்போது அவள்முன் நின்றது. அம்மாவும் தன் ரோலைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

மேனேஜர் கூப்பிட்டார். கப்புகளைத் தட்டத்தில் ஏந்திக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். மூக்கைச் சுளித்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "இத ஏம்மா உள்ள கொண்டுவந்த? ஃபோட்டோதானே கேட்டேன்." பிறகு கண் ஓட்டிப் பார்த்தவர் ஒன்றைச் சுட்டினார். "இது ஏன் காலி?"

வாயில் இருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினேன். "அவங்களுக்கு எச்சில் சுரக்காது சார். கரண்ட் வெச்சிருக்காங்க. அங்க துப்பாத ஆள் அவங்க மட்டும்தான். மத்த எல்லாருமே துப்பறாங்க சார். கழுத்து தடிமனா இருக்குன்னு நான் போன வருஷமே அளந்து சொன்னேன். அந்த அளவ அனுப்புங்க. ஆளு பேரு எதுக்கு?"

"எல்லாருமே துப்பறாங்கன்னு அனுப்பினா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான்." பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "சோதனைக்கு ஒத்துழைக்கலன்னு ஒரு வரி போதும். இந்தக் காலி கப்பே சாட்சி. நல்லதாப் போச்சு, நீ பேரு சொல்லக்கூட வேண்டாம். உங்கம்மாவும் தப்பிச்சாங்க. என்ன, சரிதானே?"

சிரித்தார். காலையில் சிரித்த அதே அன்பான சிரிப்பு. அவர் பல்லிடுக்கில் மத்தியானம் சாப்பிட்ட கீரை ஒட்டிக்கொண்டிருந்தது. என் நாக்கின் அடியிலிருந்து வெதுவெதுப்பாகக் கிளம்பியது. கன்னங்கள் நிறைந்தன. காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் திரும்பி வந்ததுபோல நிறைந்தன. கை, காலிக் கப்பை எடுத்தது. அவர் கண்ணுக்கு நேராகவே, குனிந்து, துப்பினேன். ஒருமுறை போதவில்லை. மறுபடியும் துப்பினேன். நூலாகத் தொங்கியதை விரலால் வழித்து அதற்குள்ளேயே விட்டேன். சுத்தியக்காவின் பெயர் எழுதிய கப்பை அவர் முன்னால், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இப்ப காலி இல்ல சார்."

அவர் நாற்காலி சுவரில் முட்டி நின்றிருந்தது. அதற்குமேல் பின்னால் போக இடம் இல்லை. திறந்த பேனா விரலிடுக்கில் அப்படியே இருந்தது. கப்புக்குள் நின்ற நுரையில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன.

கண்ணாடிக்கு வெளியே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் முறை வந்திருந்தது. ரோலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இந்தப்பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தாள். பழக்கத்தில் கட்டைவிரல் வாய்க்குப் போய், முகமூடியில் முட்டி, அங்கேயே நின்றது. அவளுக்குப் பின்னால் சுத்தி ஓங்கி உயர்ந்தது.